முதல் வார்டா, இரண்டாம் வார்டா?

சென்ற மாதம் பெங்களூரிலிருந்து பேத்தி வந்திருந்தாள். ஆறாவது மாதம். பிரசவம் புதுச்சேரியில்தான் என்று முடிவாகிவிட்டது. எந்த ஆஸ்பத்திரி என்பதுதான் முடிவாகவில்லை. தோழிகள், தோழிகளின் நாத்தனார்கள், கீழ்வீட்டு அம்மா என்று எல்லோர் சொன்ன கதைகளையும் போனில் சேர்த்து வைத்திருந்தாள். ஓரிடத்தில் வலி வருமுன்பே கத்தி வைத்துவிடுகிறார்களாம். இன்னோரிடத்தில் தையல் பிரிந்து சீழ் பிடித்ததாம். வேறோரிடத்தில் இரவில் டாக்டரே இருப்பதில்லையாம்.

"ஊர்ப்பேச்சையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தால் ஆகுமா அம்மா" என்று சொல்ல வாயெடுத்தேன். என் மனைவி ஒரு பார்வை பார்த்தார். வாயை மூடிக்கொண்டேன். அந்தப் பார்வையின் பொருளைப் பிறகு சொல்கிறேன். அதற்குமுன் அன்பர்கள் என்னோடு வியன்னா வரை வந்து திரும்ப வேண்டும்.

நான் பிரெஞ்சு வழியில் படித்தவன் என்பது இங்கே வழக்கமாக வருபவர்களுக்குத் தெரியும். ஓய்வு பெற்ற பிறகு கையில் கிடைத்த பிரெஞ்சுப் புத்தகங்களில் ஒன்று, ஒரு மருத்துவ மாணவர் 1924-இல் பட்டத்துக்காக எழுதிய ஆய்வேடு. எழுதியவர் லூயி தெத்தூஷ். பின்னாளில் செலின் என்ற பெயரில் நாவலாசிரியராகப் புகழ்பெற்றவர். ஆய்வேட்டையே நாவல் போலத்தான் எழுதியிருக்கிறார். எண்களையும் நாவலாசிரியர் போலவே ஏற்றிச் சொல்லியிருக்கிறார்! முப்பது வருடத்துக்கு மேல் பதிவேடு எழுதியவனுக்கு அது பொறுக்குமா? ஆகவே இங்கே நான் தரும் எண்கள், கதாநாயகர் செம்மல்வைஸ் தாமே 1861-இல் தம் நூலில் வெளியிட்ட கணக்கிலிருந்து வருபவை.

வியன்னா பொது மருத்துவமனையில் ஏழைப் பெண்களுக்கு இலவசப் பிரசவ வார்டுகள் இரண்டு இருந்தன. கட்டணம் கிடையாது. அதற்கு ஈடாக, அவர்கள் உடம்பை வைத்து மாணவர்கள் பாடம் கற்பார்கள். 1840-இல் ஓர் உத்தரவு வந்தது. அதன்படி முதல் வார்டு மருத்துவ மாணவர்களுக்கு, இரண்டாம் வார்டு மருத்துவச்சிப் பயிற்சி பெறும் பெண்களுக்கு என்று பிரித்துவிட்டார்கள். இன்று முதல் வார்டில் சேர்க்கை, நாளை இரண்டாவதில் என்று முறை வைத்திருந்தார்கள்.

ஊரில் பேச்சு பரவியது. முதல் வார்டுக்குப் போனால் பிள்ளை பெற்ற சில நாளில் குளிர் ஜுரம் வரும், வயிறு உப்பும், பிறகு பாதிரியார் மணியோடு வருவார். நம் ஊரில் பிரசவ ஜன்னி என்பார்களே, அதேதான். சேர்க்கை முதல் வார்டுக்கு என்று தெரிந்தால் பெண்கள் மண்டியிட்டுக் கெஞ்சினார்களாம், இரண்டாவதில் சேர்க்கச் சொல்லி. சிலர் தெருவிலேயே பெற்றுக்கொண்டு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அவர்களுக்கு ஜுரம் வருவது அரிதாக இருந்தது என்பதுதான் வேடிக்கை.

பெரிய மனிதர்கள் என்ன சொன்னார்கள்? காற்றில் தோஷம். வெளிநாட்டு மாணவர்களுக்குக் கை முரடு. எல்லாவற்றையும் விட எனக்குக் கோபம் மூட்டியது இன்னொரு விளக்கம்: பெண்கள் பயப்படுகிறார்கள், அந்தப் பயத்தால்தான் ஜுரம்!

1846-இல் முதல் வார்டில் உதவி மருத்துவராகச் சேர்ந்தார் செம்மல்வைஸ். ஹங்கேரிக்காரர், வயது 28. அவர் செய்தது குமாஸ்தா வேலை. இரண்டு வார்டுக் கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். அந்த ஆண்டு முதல் வார்டில் 4,010 பிரசவம், 459 சாவு. இரண்டாவதில் 3,754 பிரசவம், 105 சாவு. ஊர் சொன்னதையே ஏடும் சொன்னது. காற்று இரண்டு வார்டுக்கும் ஒன்றுதானே? பயத்தைப் பற்றியும் நியாயமாகக் கேட்டார்: சாவைப் பார்த்துத்தானே பயம் வந்தது, பயம் எப்படி முதல் சாவை உண்டாக்கியிருக்கும்? பாதிரியாரைக்கூட மணியடிக்காமல் வேறு வழியாக வரச் சொல்லிப் பார்த்தார். பயனில்லை.

1847 மார்ச்சில் அவர் நண்பர் கொலெச்கா என்ற பேராசிரியர் இறந்தார். பிணப் பரிசோதனையின்போது மாணவன் கத்தி அவர் விரலில் பட்டுவிட்டது. அவர் உடம்பில் கண்ட குறிகளும் அந்தத் தாய்மார்கள் உடம்பில் கண்ட குறிகளும் ஒன்று. அப்போதுதான் உறைத்தது. மாணவர்களும் டாக்டர்களும் காலையில் பிணத்தை அறுத்துவிட்டு அதே கையோடு பிரசவம் பார்க்கிறார்கள். மருத்துவச்சிகளுக்குப் பிண அறை வேலை இல்லை. அவரும் நிறையவே அறுத்தவர்தான். தம் கையும் அதைக் கொண்டு போனது என்று பிற்பாடு தாமே எழுதினார்.

மே மாதம் முதல் குளோரின் கலந்த நீரில் கை கழுவாமல் யாரும் உள்ளே வரக் கூடாது என்றார். 1848-இல் அதே முதல் வார்டில் 3,556 பிரசவம், 45 சாவு. இரண்டு மாதங்கள் ஒரு சாவுகூட இல்லை.

பிறகு நடந்தது தெரிந்த கதைதான். மேலதிகாரி க்ளைன் அவர் பதவியை நீட்டிக்கவில்லை. ஊர் திரும்பினார், எதிர்த்தவர்களுக்குக் கடுமையாகக் கடிதங்கள் எழுதினார், 1865-இல் மனநோய் விடுதியில் இறந்தார். பாரிசில் பஸ்தேர் எழுந்து கரும்பலகையில் அந்தக் கிருமியை வரைந்து காட்டியது 1879-இல்.

இப்போது அந்தப் பார்வைக்கு வருகிறேன்.

நான் வேலை பார்த்தது பிறப்பு இறப்புப் பதிவில். நம் ஊர்ப் பழக்கத்தில் எத்தா சிவில். பிரெஞ்சுக் காலத்து ஏடுகளைப் படிக்கத் தெரியும் என்பதால் நகல் கேட்டு வருபவர்களை என்னிடம்தான் அனுப்புவார்கள். அந்த இறப்பு ஏடுகளில் சாவுக்குக் காரணம் எழுதும் வழக்கமில்லை. ஆனால் பிறப்பு ஏட்டில் ஒரு பிள்ளையின் பெயரும், பத்து நாள் கழித்து இறப்பு ஏட்டில் அதன் தாயின் பெயரும் இருந்தால் காரணம் எழுத வேண்டுமா என்ன?

1977-இல் என் மனைவிக்குத் தலைப்பிரசவம். வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு நர்சிங் ஹோம். பெயர் வேண்டாம், இப்போது அந்தக் கட்டடமே இல்லை. அங்கே போனவர்களுக்கு ஜுரம் வருகிறது என்று தெருக் குழாயடியில் பெண்கள் பேசிக்கொண்டார்கள். மாமியார் என்னிடம் இரண்டு தடவை சொன்னார். "குழாயடிப் பேச்சு அத்தை" என்றேன். பிரசவம் நல்லபடி ஆயிற்று. மூன்றாம் இரவு நடுக்கம் எடுத்தது. பதினோரு நாள் ஜுரம், வேளை தவறாமல் ஊசி. மனைவி பிழைத்தார். பால் வற்றிவிட்டது. பிள்ளை டின் பாலில் வளர்ந்தான். பேத்தியின் அப்பா அவன்தான்.

அந்த இடத்தில் எத்தனை பிறப்பு, எத்தனை இறப்பு என்பது என் மேஜையிலிருந்து கை நீட்டும் தூரத்தில் இருந்தது. முன்பும் பார்க்கவில்லை. பின்பு பார்க்கத் துணிவு வரவில்லை. மாமியார் கடைசி வரை அதைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை.

பேத்தியின் கதைகள் எல்லாம் உண்மை என்று சொல்ல மாட்டேன். ஒரே கதை மூன்று பேர் வாய்க்குப் போய் மூன்று கதையாக வந்திருந்தது. இருவரும் உட்கார்ந்து பிரித்தோம்: யாருக்கு நடந்தது, எந்த வருடம், அவரே சொன்னாரா, கேட்டுச் சொன்னாரா. கடைசியில் நின்றது நான்குதான். அதில் இரண்டு ஒரே இடத்தைப் பற்றியது. அதை அடித்துவிட்டோம்.

மற்ற மூன்று இடங்களுக்கும் என் மனைவி அவளை அழைத்துக்கொண்டு போனார். நான் ஆட்டோவிலேயே இருந்தேன். எல்லா இடத்திலும் மனைவி கேட்டது ஒரே கேள்வியாம்: "டாக்டரம்மா எங்கே கை கழுவுவாங்க?" முதல் இடத்தில் சிரித்தார்களாம். இரண்டாம் இடத்தில் ரிசப்ஷன் பெண்ணுக்குக் கோபம் வந்துவிட்டதாம். மூன்றாம் இடத்தில் வயதான நர்ஸ் ஒருவர், "வாங்கம்மா" என்று உள்ளே கூட்டிப்போய்க் குழாயைத் திறந்தே காட்டினாராம்.

அங்கே பெயர் பதிந்தாயிற்று. மாசி கடைசியில் தேதி கொடுத்திருக்கிறார்கள்.