கொள்ளும் கடிவாளமும்

தமிழ்நாட்டிலிருந்து மாதேஸ்வரன் மலைக்குப் போக இரண்டு பாதைகள் உண்டு. ஒன்று மேட்டூரிலிருந்து பாலாறு வழியாகச் செல்வது. மற்றொன்று அந்தியூரிலிருந்து பர்கூர் மலையேறிச் செல்வது. 1956 நவம்பர் முதல் நாள் வரை இம்மலை கொள்ளேகால் வட்டத்தோடு சேர்ந்து கோயமுத்தூர் மாவட்டத்தில் இருந்தது. அன்று மைசூர் இராச்சியத்தோடு இணைந்தது. 1997 முதல் சாமராஜநகர் மாவட்டத்தில் இருக்கிறது. எல்லைக் கோடு மாறிற்றே தவிர, மலையேறும் தமிழ் அடியார் கூட்டம் குறையவில்லை. இன்று வேற்று மாநிலங்களில் வாழும் கொங்கு நாட்டார் பலர், இளமையில் இவ்வழிகளில் ஒன்றில் நடந்தவர்களாகவே இருப்பர்.

மாதேஸ்வரருக்கு ஊர்தி புலி. ஆனால் அம்மலைத் தொடரின் அடிவாரமான அந்தியூரில் பெருமை பெறுவது குதிரை. ஆடி மாதத்தில் குருநாதசாமி கோயில் திருவிழாவையொட்டி அங்கே சந்தை கூடுகிறது. பர்கூர் மாடுகளுக்கு அருகிலேயே மார்வாரிக் குதிரைகளும், கத்தியவாரிக் குதிரைகளும், சிறிய மட்டக் குதிரைகளும் நிற்கக் காணலாம். திப்பு சுல்தான் படைக்குக் குதிரை வாங்கிய காலத்திலிருந்தே இச்சந்தை நடந்து வருகிறது என்பது செவிவழிச் செய்தி.

குதிரையைப் பற்றிப் பேச்சு வந்தால் நம்மவர் வாயில் உடனே வரும் பழமொழி ஒன்று உண்டு: கொள்ளென்றால் வாயைத் திறக்கும், கடிவாளமென்றால் வாயை மூடும். தின்பதற்கு முந்தி, உழைப்பதற்குப் பிந்தி நிற்கும் சோம்பேறிக் குதிரையை இதைவிடச் சுருக்கமாக வருணிக்க முடியாது. ஆயினும் அச்சோம்பல் குதிரையோடு பிறந்ததா, வளர்த்தவன் உண்டாக்கியதா? இவ்வினாவுக்கு நமது வரலாறே விடை தருகிறது.

தமிழகம் நெடுங்காலமாகக் குதிரையைக் கடல் வழியே வாங்கிய நாடு. காவிரிப்பூம்பட்டினத்தில் குதிரைகள் வந்திறங்கியதைப் பட்டினப்பாலை குறிக்கிறது. பாண்டியனுக்குக் குதிரை வாங்கப் பொன்னோடு சென்ற மாணிக்கவாசகரின் கதையை அறியாதவர் இலர். 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக்கு வந்த வெனிசு நகரத்து மார்க்கோ போலோ, ஆண்டுதோறும் 2,000-க்கு மேற்பட்ட குதிரைகள் வாங்கப்படுவதாகவும், ஆண்டு முடிவில் அவற்றுள் 100 கூட எஞ்சுவதில்லை என்றும் எழுதினார். எண்ணிக்கையை அப்படியே கொள்ள வேண்டுவதில்லை. அவர் கூறும் காரணமே நாம் கருதத் தக்கது: குதிரையைப் பேணும் முறை இங்குள்ளோருக்குத் தெரியவில்லை, சோற்றையும் சமைத்த இறைச்சியையும் தீனியாகக் கொடுத்தனர்.

ஏறத்தாழ அதே காலத்தில், பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் இதனை இன்னும் விளக்கமாகச் சொல்கிறார். வறுத்த தானியத்தையும் வெண்ணெயையும் காய்ச்சிய பாலையும் ஊட்டி, கொழுக்க வேண்டுமென்று நாற்பது நாள் முளையில் கட்டிப் போட்டனர். பிறகு எவ்விதப் பயிற்சியும் அளிக்காமல் ஏறி விரட்டினர். சிறந்த குதிரைகளும் விரைவில் வலிமை குன்றி, மந்தமாகிப் பயனற்றுப் போயின என்பது அவர் கேட்டறிந்து எழுதிய செய்தி.

அன்பில் குறையில்லை, அறிவில்தான் குறை. இதனை இன்றைய கால்நடை மருத்துவத்தைக் கொண்டு நன்கு விளங்கிக்கொள்ளலாம். குதிரையின் இரைப்பை சிறியது. நாள் முழுவதும் சிறிது சிறிதாகப் புல் மேய்வதற்கு ஏற்ற உடலமைப்பு அதனுடையது. வேலையில்லாத குதிரைக்குத் தானியத்தை மிகுதியாகக் கொடுத்தால் வயிற்று வலியும் குளம்பு அழற்சியும் வரக்கூடும். மட்டக் குதிரையோ சிறிது புல்லிலேயே கொழுக்கும் இயல்புடையது. ஆதலின் இரட்டிப்பு எச்சரிக்கை வேண்டும். மறுபுறம், வயிற்றில் புழு, தேய்ந்த பல், உறுத்தும் சேணம், கல் குத்திய குளம்பு ஆகியவற்றால் வருந்தும் குதிரையும் நடக்க மறுக்கும். அதனையும் சோம்பேறி என்றே சொல்லி, சவுக்கை எடுக்கிறோம்.

மைசூர் நாட்டார் இப்பாடத்தை நன்கு கற்றனர். கொங்கிலும் மைசூரிலும் மானாவாரி நிலத்தில் விளையும் கொள்ளு, ஊறவைத்தோ வேகவைத்தோ கொடுத்தால் எளிதில் செரிக்கும். குதிரைக்கு வலிமையும் தரும். துமகூரு மாவட்டத்துக் குணிகல்லில் ஹைதர் அலியும் திப்புவும் குதிரைப் பண்ணையைப் பேணினர். பிற்காலத்தில் மைசூர் ஈட்டிப்படை உலகப் புகழ் பெற்றது. 1918 செப்டம்பர் 23 அன்று ஹைஃபா நகரைக் கைப்பற்றிய போரில், ஜோத்பூர் வீரர் நகரை நோக்கிப் பாய, மைசூர்ப் படையின் ஒரு பிரிவு பீரங்கிகளைப் பிடிக்கக் கார்மேல் மலைச் செங்குத்தில் ஏறிச் சென்றது. ஹைதராபாத், ஜோத்பூர், மைசூர்ப் படைகளின் நினைவாக 1922-இல் எழுந்த மூன்று சிலைகளே தில்லியின் தீன் மூர்த்தி. அவ்வழியே அன்றாடம் அலுவலகம் செல்லும் தமிழர், அடுத்த முறை சற்று நின்று நோக்குவாராக.

செங்குத்தில் ஏறும் குதிரை ஒரு நாளில் உருவாவதன்று. புல்லை அடிப்படையாக வைத்து, செய்த வேலைக்கு ஏற்பவே கொள்ளு அளிக்க வேண்டும். நீண்ட கயிற்றில் வட்டமாக நடத்தி, குரலுக்கு நடக்கவும் நிற்கவும் முதலில் பழக்க வேண்டும். பாடம் குறுகியதாக இருத்தல் நலம். ஏவியது செய்த அக்கணமே கடிவாள வாரைத் தளர்த்தி, கழுத்தைத் தடவிக் கொடுத்தால் குதிரை புரிந்துகொள்ளும். ஓயாமல் குதிகாலால் உதைத்தாலோ அவ்வுதை அதற்குப் பழகிப்போய்ப் பொருளற்றதாகிவிடும். கீழ்ப்படிந்தபோது பரிவு காட்டுக, சினத்தோடு நெருங்காதே என்று கிரேக்கரான செனபோன் கி.மு. 4-ஆம் நூற்றாண்டிலேயே எழுதிவைத்தார்.

கொள்ளுக்கு வாய் திறந்து கடிவாளத்துக்கு வாய் மூடும் குதிரை, தான் கற்றதையே செய்கிறது. கொள்ளு கொண்டு வந்த கை அதற்கு நன்மை செய்தது; கடிவாளம் கொண்டு வந்த கை வலியைத் தந்தது. இரண்டையும் ஒரே கை அன்போடு கொண்டு வருமானால் பழமொழி பொய்யாகும். குதிரையை மட்டுமன்று, நம்மிடம் வேலைக்கு வந்தவரையும் நம் பிள்ளைகளையும் சோம்பேறி என்று சொல்லுமுன், நாம் ஊட்டியது என்ன, கற்பித்தது என்ன என்று கேட்டுக்கொள்வது நன்று.