ஃபிராங்கோ பரேசி - ஒரு தடுப்பாட்டக்காரரின் இருபது வருடங்கள்

1994-ம் வருட உலகக்கோப்பை இறுதி ஆட்டம் நடந்தபோது எனக்கு ஏழு வயது. அந்த ஆட்டத்தைப் பற்றி நான் அறிந்ததெல்லாம் பிற்பாடு பார்த்த ஒரு புகைப்படம்தான். ராபர்ட்டோ பாஜோ பெனால்டியைக் கம்பத்துக்கு மேலே அடித்துவிட்டு, இடுப்பில் கை வைத்துத் தலைகுனிந்து நிற்கிற படம். மேல்படிப்புக்கு ஜெர்மனி வந்து, இங்கேயே வேலையும் கிடைத்துத் தங்கிவிட்ட பின், அலுவலகத்தில் அடுத்த மேஜைக்காரராக ஓர் இத்தாலியர் வாய்த்தார். மதிய உணவின்போது ஒருநாள் அந்தப் படத்தைப் பற்றிப் பேச்சு வந்தது. "அது கடைசி பெனால்டி. முதல் பெனால்டியைத் தவறவிட்டது யார் என்று தெரியுமா?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. "பரேசி" என்று மட்டும் சொல்லிவிட்டு சாப்பிட ஆரம்பித்தார்.

அன்று இரவு அந்த ஆட்டத்தின் முழு ஒளிப்பதிவையும் தேடிப் பார்த்தேன். நூற்றிருபது நிமிடங்கள், ஒரு கோல்கூட இல்லை. அலுப்பான ஆட்டம் என்றுதான் பலரும் எழுதியிருக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. காரணம், ஆறாம் எண் சட்டை போட்டிருந்த, தலைமுடி குறையத் தொடங்கிய, அதிகம் உயரமில்லாத ஒரு மனிதர். அவரைப் பற்றித் தமிழில் ஒரு குறிப்பாவது இருக்கவேண்டும் என்று நினைத்து எழுதுவதே இந்தக் கட்டுரை.

ஃபிராங்கோ பரேசி 1960 மே 8-ம் தேதி, வட இத்தாலியில் பிரெஷா நகரத்துக்குப் பக்கத்தில் உள்ள திராவலியாத்தோ என்ற சிற்றூரில் பிறந்தார். அண்ணன் ஜுசெப்பே இரண்டு வயது மூத்தவர், அவரும் கால்பந்துக்காரர். மிலான் நகரத்தின் இரண்டு பெரிய அணிகளில் ஒன்றான இன்டர், அண்ணனைத் தன் இளைஞர் அணியில் சேர்த்துக்கொண்டது. தம்பியை உடம்பு போதாது என்று திருப்பி அனுப்பிவிட்டது. 1974-ல் நகரத்தின் மற்றோர் அணியான ஏ.சி. மிலான் தம்பியை எடுத்துக்கொண்டது. இளம் வயதிலேயே தாயையும் தந்தையையும் இழந்துவிட்ட பிள்ளைகள் அவர்கள். மிலான் முகாமில் இவருக்கு வைத்த பெயர் 'பிசினின்'. மிலான் நகரத்துப் பேச்சுவழக்கில் 'பொடியன்' என்று அர்த்தம். ஆரம்பத்தில் பத்திரிகைகளில் அண்ணன்தான் பரேசி, இவர் 'இரண்டாம் பரேசி'. பின்னாளில் இருவரும் அவரவர் அணிக்குத் தலைவர்களாகி நேருக்கு நேர் நின்றார்கள்.

1978 ஏப்ரல் 23-ல் வெரோனாவுக்கு எதிராக செரியே ஆ எனப்படும் முதல் பிரிவில் பரேசி முதன்முறை ஆடியபோது வயது பதினெட்டுகூட ஆகவில்லை. அடுத்த வருடமே லீட்ஹோம் என்ற ஸ்வீடன்காரரின் பயிற்சியில் மிலான் தன் பத்தாவது இத்தாலியப் பட்டத்தை வென்றது. அந்த அணியின் நட்சத்திரம் ரிவேரா அதோடு ஓய்வு பெற்றார்.

இதற்குப் பின் வந்த மூன்று நான்கு வருடங்கள்தான் பரேசியைப் புரிந்துகொள்ள முக்கியமானவை என்பது என் கணிப்பு. 1980-ல் இத்தாலியில் 'தோத்தோநேரோ' என்ற பெரிய சூதாட்ட ஊழல் வெளியாகியது. ஆட்டங்களின் முடிவை முன்கூட்டியே பேசி வைத்து, கள்ளத்தனமாகப் பந்தயம் கட்டிய விவகாரம். மிலானின் தலைவரும் கோல்கீப்பரும் அதில் சிக்கினார்கள். தண்டனையாக மிலான் இரண்டாம் பிரிவுக்கு இறக்கப்பட்டது. ஒரே வருடத்தில் அந்தப் பிரிவை வென்று மேலே வந்தார்கள். 1981-82-ல் மறுபடி இறங்கினார்கள். இந்த முறை ஊழல் காரணமில்லை, ஆட்டமே மோசம். பரேசி அந்த வருடம் இரத்தத் தொற்று நோயால் பல மாதங்கள் ஆடவில்லை.

அந்தக் கோடைகாலத்தை யோசித்துப் பாருங்கள். இருபத்திரண்டு வயதுப் பரேசி, ஸ்பெயினில் உலகக்கோப்பையை வென்ற இத்தாலிய அணியின் பட்டியலில் இருக்கிறார். அவருடைய இடத்தில் யுவென்டஸ் அணியின் ஷிரேயா ஆடியதால் ஓர் ஆட்டத்திலும் இறங்கவில்லை. ஆனாலும் உலகச் சாம்பியன் அணியின் உறுப்பினர். இரண்டு மாதங்கள் கழித்து இரண்டாம் பிரிவில், சின்ன ஊர் மைதானங்களில் ஆடப்போகிறார். மிலானில் அவருடன் பின்களத்தில் ஆடிய கொல்லொவாட்டி, உலகக்கோப்பை முடிந்த கையோடு இன்டருக்குப் போய்விட்டார். அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை, நம்மில் பெரும்பாலோர் செய்யக்கூடியது அதுதான். (வருடத்துக்கொரு நிறுவனம் மாறுகிற தொழிலில் இருக்கும் நான் யாரையும் குற்றம் சொல்ல முடியாது.) பரேசி போகவில்லை. மிலான் அவரை அணித்தலைவராக்கியது. 1983-ல் மறுபடி மேலே ஏறினார்கள். அதற்குப் பின் பதினான்கு வருடங்கள் அந்தத் தலைவர் பட்டை அவர் கையிலேயே இருந்தது.

1986-ல் பெர்லுஸ்கோனி அணியை வாங்கினார். பணம் வந்தது. வான் பாஸ்டன், குல்லிட், ரைகார்ட் என்று மூன்று டச்சுக்காரர்கள் வந்தார்கள். அவர்களை விடப் பெரிய வரவு 1987-ல் வந்த பயிற்சியாளர் அர்ரிகோ சாக்கி என்று சொல்வேன். தொழில்முறையில் ஒருநாளும் கால்பந்து ஆடாதவர், ஒரு காலத்தில் செருப்பு வியாபாரம் பார்த்தவர்.

இங்கே கொஞ்சம் ஆட்ட நுணுக்கம் சொல்லவேண்டியிருக்கிறது. இத்தாலியின் பழைய தற்காப்பு முறைக்கு 'கத்தெனாச்சோ' என்று பெயர். தாழ்ப்பாள் என்று அர்த்தம். தடுப்பவர் ஒவ்வொருவரும் எதிரணியில் ஒருவரை நிழல் மாதிரி ஒட்டிக்கொண்டு திரிவார். இவர்களுக்குப் பின்னால், யாரையும் ஒட்டாமல் ஒருவர் நிற்பார். தப்பி வருகிற பந்தையும் ஆளையும் அவர் துடைத்துவிடவேண்டும். அவருக்கு 'லிபரோ', அதாவது சுதந்திரமானவர் என்று பெயர். பரேசி வளர்ந்தது இந்த லிபரோவாகத்தான்.

சாக்கி அந்தத் தாழ்ப்பாளைக் கழற்றிவிட்டார். பின்களத்தில் நால்வர் ஒரே கோட்டில். ஆளை ஒட்டவேண்டாம், இடத்தைக் காக்கவேண்டும். பின்வரிசைக்கும் முன்வரிசைக்கும் இடையே இருபத்தைந்து மீட்டருக்கு மேல் இடைவெளி கூடாது. அப்படியானால் பின்வரிசை மைதானத்தின் நடுவரைக்கும் ஏறிவந்து நிற்கவேண்டும். முதுகுக்குப் பின்னால் நாற்பது மீட்டர் வெற்றிடம். அதைக் காப்பது ஆஃப்சைட் விதி மட்டும்தான். சக ஆட்டக்காரர் பந்தை உதைக்கும் கணத்தில், எதிரணியின் கடைசிக்கு முந்தைய ஆளையும் பந்தையும் தாண்டி ஒருவர் நின்றால் அவர் ஆஃப்சைட். ஆகவே அந்தக் கணத்துக்கு அரை நொடி முன்பு நான்கு பேரும் ஒன்றாக முன்னே அடி வைக்கவேண்டும். ஒருவர் தாமதித்தாலும் முடிந்தது கதை. நான்கு கணினிகள் ஒரே கணத்தில் ஒரே முடிவுக்கு வரவேண்டும் என்பதற்காக நாங்கள் படுகிற பாடு எனக்குத் தெரியும். நால்வரும் ஓடிக்கொண்டே, காது கேளாத இரைச்சலில் அதைச் செய்யவேண்டும்.

அந்த அடியை எப்போது வைப்பது என்று முடிவு செய்தவர் பரேசி. வலதில் தஸ்ஸோத்தி, இடதில் மால்தினி, பக்கத்தில் கோஸ்தகுர்தா. பரேசி நகர்ந்தால் மூவரும் நகர்வார்கள். உடனே அவர் கை உயரும். லைன்ஸ்மேனைப் பார்த்து உயர்ந்த அந்த வலது கை, எண்பதுகளின் கடைசியில் ஐரோப்பா முழுக்கப் பிரபலம். கொடியை அவரே தூக்க வைக்கிறார் என்று எதிரணிகள் எரிச்சல்பட்டார்கள். அதில் உண்மை கொஞ்சம் இருக்கலாம். பழைய ஒளிப்பதிவுகளை நிறுத்தி நிறுத்திப் பார்த்தால் சில ஆஃப்சைட்கள் எனக்கே சந்தேகமாக இருக்கின்றன. இன்றைய வீடியோ நடுவர்கள் அன்றிருந்தால் அந்தக் கை இவ்வளவு துணிச்சலாக உயர்ந்திருக்குமா என்று தெரியவில்லை.

சாக்கி பிற்காலத்தில் அடிக்கடி சொன்ன ஒரு பயிற்சிக் கதை உண்டு. குல்லிட்டும் வான் பாஸ்டனும் ஒழுங்கமைப்பின் அருமையை நம்பவில்லையாம். பத்துப் பேரை அவர்கள் பக்கம் கொடுத்து, எதிரே கோல்கீப்பர் கல்லியையும் இந்த நால்வரையும் மட்டும் நிறுத்தினார். கால் மணி நேரம். பத்துப் பேரால் ஐந்து பேர் மேல் ஒரு கோல் போட முடியவில்லை.

பலன்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1988-ல் இத்தாலியப் பட்டம். 1989-ல் ரியல் மாட்ரிட்டை 5-0 என்று வென்று, இறுதியில் ருமேனியாவின் ஸ்டௌவாவை 4-0 என்று வென்று ஐரோப்பியக் கோப்பை. மறுவருடமும் அதே கோப்பை. 1989-ல் ஐரோப்பாவின் சிறந்த ஆட்டக்காரருக்கான தங்கப்பந்துத் தேர்வில் வான் பாஸ்டனுக்கு அடுத்து பரேசி இரண்டாவதாக வந்தார். கோல் போடாதவர் அந்தப் பட்டியலில் அவ்வளவு மேலே வருவது அபூர்வம். சாக்கிக்குப் பின் கப்பெல்லோ வந்தார். 1991-92-ல் 34 ஆட்டங்களில் ஒன்றில்கூடத் தோற்காமல் பட்டம். அந்தத் தோல்வியற்ற ஓட்டம் 58 லீக் ஆட்டங்கள் நீண்டு, 1993 மார்ச்சில் பார்மா அணியிடம் முடிந்தது. எனக்குப் பிடித்த எண்கள் 1993-94-க்கு உரியவை. அந்த வருடம் 34 ஆட்டங்களில் மிலான் போட்டது வெறும் 36 கோல்கள், வாங்கியது 15. அதை வைத்தே பட்டம் வென்றார்கள்.

இவ்வளவும் சொல்லிவிட்டு இன்னொரு எண்ணைச் சொல்லாமல் விடக்கூடாது. செரியே ஆ-வில் தன் அணிக்கே அதிக கோல் போட்டுக்கொண்டவர்கள் என்று இன்டரின் ரிக்கார்தோ ஃபெர்ரியையும் பரேசியையும்தான் நெடுங்காலம் குறிப்பிட்டு வந்தார்கள். தலா எட்டு. முதலில் படித்தபோது அச்சுப்பிழை என்று நினைத்தேன். யோசித்தால் வியப்பில்லை. ஆபத்து வரும்போதெல்லாம் கோலுக்கும் பந்துக்கும் நடுவே பாய்ந்து போய் நின்றவரின் காலில்தான் அது படும்.

தேசிய அணி அவருக்கு அவ்வளவு கனிவாக இருக்கவில்லை. 1986 உலகக்கோப்பைக்கு அவரை விட்டுவிட்டு அண்ணனை அழைத்துப் போனார்கள். 1990-ல் சொந்த மண்ணில் ஏழு ஆட்டங்களில் இரண்டே கோல் வாங்கிய இத்தாலி, அரையிறுதியில் அர்ஜென்டினாவிடம் பெனால்டியில் தோற்றது. அன்று பரேசி தன் பெனால்டியைப் போட்டார்.

பிறகு 1994. அமெரிக்காவில் இத்தாலியின் அணித்தலைவர், வயது முப்பத்துநான்கு. ஜூன் 23-ல் நார்வேக்கு எதிரான இரண்டாவது ஆட்டத்திலேயே முழங்கால் குருத்தெலும்பு கிழிந்தது. அங்கேயே ஆர்த்ரோஸ்கோபி முறையில் அறுவை. உலகக்கோப்பை அவ்வளவுதான் என்று எல்லோரும் நினைத்தார்கள். சாக்கிதான் அப்போது தேசிய அணிக்கும் பயிற்சியாளர். இறுதி ஆட்டத்துக்குக் கோஸ்தகுர்தாவும் தஸ்ஸோத்தியும் தடை காரணமாக இல்லை. ஜூலை 17, காயம்பட்ட இருபத்துநான்காம் நாள், பாசடேனாவின் ரோஸ் பௌல் மைதானத்தில், நடுப்பகல் வெயிலில் பரேசி இறங்கினார். எதிரே ரொமாரியோவும் பெபெத்தோவும்.

நான் பார்த்த வரைக்கும் அந்த ஆட்டத்தில் அவர் அவசரப்பட்டு ஓடியதாக நினைவில்லை. ரொமாரியோ எங்கே திரும்பப்போகிறாரோ அங்கே ஏற்கெனவே நிற்கிறார். காலை நீட்டி, பந்தைப் பிரித்து, தலையை உயர்த்திப் பார்த்து நடுக்களத்துக்குக் கொடுக்கிறார். நூற்றிருபது நிமிடமும் பிரேசிலுக்குக் கோல் இல்லை. கடைசியில் தசைப்பிடிப்பு. நடக்கவே சிரமப்படுகிற நிலையில் முதல் பெனால்டியை அடிக்கப் போனார். பந்து கம்பத்துக்கு மேலே போனது. முழங்காலிட்டு முகத்தை மூடிக்கொண்டார். பின்னர் மஸ்ஸாரோவின் உதையைத் தஃபரெல் பிடித்தார், பாஜோவின் உதையும் மேலே போனது. உலகக்கோப்பை இறுதி ஒன்று பெனால்டியில் முடிவானது அதுவே முதல் முறை. ஒளிப்பதிவில் பரேசி குழந்தை மாதிரி அழுகிறார்.

என் துறையிலும் ஒரு வேலை சரியாக நடக்கும்வரை அதைச் செய்கிறவர் யார் என்று யாருக்கும் தெரியாது. அதனாலோ என்னவோ, அந்த ஒரு உதையை வைத்து அவரை நினைப்பது எனக்கு உறுத்துகிறது. அந்த உதையை எடுக்கும் இடம்வரை இத்தாலியைக் கொண்டுவந்து சேர்த்ததில் அவருக்கும் பெரும்பங்கு உண்டு.

மிலானுக்கு மேலும் மூன்று வருடங்கள் ஆடினார். 1996-ல் ஆறாவது இத்தாலியப் பட்டம். 1997-ல், மிலான் பதினோராவது இடத்தில் முடித்த ஒரு மோசமான வருடத்தின் இறுதியில், ஓய்வு பெற்றார். மொத்தம் 719 ஆட்டங்கள், எல்லாம் ஒரே அணிக்கு. ஆறாம் எண் சட்டையை இனி யாருக்கும் கொடுப்பதில்லை என்று மிலான் அறிவித்தது.

மறுநாள் அலுவலகத்தில் நண்பரிடம் ஆட்டம் பார்த்ததைச் சொன்னேன். பெனால்டிகளைப் பார்த்தாயா என்று கேட்டார். பார்த்தேன், ஆனால் அதற்கு முந்தைய இரண்டு மணி நேரம்தான் பிடித்தது என்றேன். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, காகிதத்தில் நான்கு புள்ளிகள் வைத்துக் கோடு போட ஆரம்பித்தார். அன்றைய பத்து மணிக் கூட்டத்துக்கு இருவருமே தாமதம்.