இணையவழி விளையாட்டில் இணைப்புத் துண்டிப்பு

இணையவழி விளையாட்டில் இணைப்புத் துண்டிப்பு என்பது, பலர் ஒரே நேரத்தில் ஆடும் கணினி அல்லது கைபேசி விளையாட்டின் நடுவே, ஆடுபவரின் கருவிக்கும் விளையாட்டு வழங்கிக்கும் இடையிலான தொடர்பு அறுபடுவதைக் குறிக்கும். இது வேகக் குறைவிலிருந்து வேறுபட்டது. இக்கட்டுரை, வீட்டு இணைப்புகளில் இதன் காரணத்தைக் கண்டறியும் முறையைத் தர்மபுரி மாவட்டச் சூழலை எடுத்துக்காட்டாகக் கொண்டு விளக்குகிறது.

வேகமும் தொடர்ச்சியும்

விளையாட்டு ஒன்று ஆடப்படும்போது பரிமாறப்படும் தரவு மிகக் குறைவு. பெரும்பாலும் நொடிக்குச் சில நூறு கிலோபிட்டுகளைத் தாண்டாது. ஆனால் அது இடைவிடாது செல்ல வேண்டும். வலைப்பக்கத்தைக் கொணரும் டி.சி.பி. நெறிமுறை, தொலைந்த பொதியை மீண்டும் கேட்டுப் பெறும். நிகழ்படமோ சில நொடிகளுக்கு வேண்டியதை முன்கூட்டியே சேமித்து வைத்துக்கொள்ளும். விரைவு விளையாட்டுகள் பெரும்பாலும் பயன்படுத்தும் யூ.டி.பி. நெறிமுறையில் இவ்வசதி இல்லை. எனவே மூன்று நொடித் தடங்கல் படம் பார்ப்பவருக்குத் தெரியாமலே போகலாம். ஆடுபவர் அதற்குள் ஆட்டத்தை இழந்திருப்பார். "படம் நன்றாகத்தானே ஓடுகிறது" என்று வீட்டிலுள்ளோர் கூறுவதும், ஆடுபவர் முறையிடுவதும் இதனால் ஒருசேர உண்மையாகின்றன. கூடுதல் பணம் கட்டி அதிவேகத் திட்டத்துக்கு மாறுவதால் இக்குறை நீங்குவது அரிது.

தொலைவினால் ஏற்படும் தாமதம் பழுது ஆகாது. ஒளியிழையில் ஒளி நொடிக்கு ஏறத்தாழ 2 இலட்சம் கி.மீ. செல்வதால், ஒவ்வொரு 100 கி.மீ.க்கும் போய்வர 1 மில்லிநொடி ஆகும். சென்னையிலிருந்து சிங்கப்பூருக்கு 2002-ல் அமைக்கப்பட்ட கடலடி வடம் 3,000 கி.மீ.க்கும் நீளமானது, ஆகவே அங்குள்ள வழங்கியை 30 மில்லிநொடிக்குள் எட்டித் திரும்ப இயலாது.

தர்மபுரி மாவட்டத்தில்

பாரத் சஞ்சார் நிகம் நிறுவனம் 2005 சனவரியில் டேட்டாஒன் அகலப்பட்டைச் சேவையைத் தொடங்கியது. இது தொலைபேசிக்கான செப்புக் கம்பியிலேயே இயங்கும் டி.எஸ்.எல். முறையாகும். தொலைபேசி நிலையத்திலிருந்து தொலைவு கூடக்கூடக் குறிகை நலியும். ஏறத்தாழ 5 கி.மீ.க்கு அப்பால் பயன்படாது. இம்மாவட்டத்தில் "கொட்டாய்" என்று பெயர் முடியும் சிற்றூர்கள் பல. நிலத்தின் நடுவே தனித்தனியாக வீடுகள் இருப்பதும் வழக்கம். இவ்வீடுகளுக்குக் கம்பி நீண்டு செல்ல வேண்டும். மழைநீர் புகுந்து களிம்பேறிய இணைப்புகள் இரைச்சலைக் கூட்டும். தொலைபேசிக்கு வடிப்பி பொருத்தாத வீடுகளில், மணி அடிக்கும்போதெல்லாம் இணைப்பு அறுவது இம்முறைக்கே உரிய குறை.

பின்னர் வந்த ஒளியிழை இணைப்புகள் இடி, ஈரம் ஆகியவற்றுக்கு அவ்வளவாக அஞ்சுவதில்லை. எனினும் சாலை விரிவாக்கம், மரக்கிளை முறிதல் முதலியவற்றால் கம்பத்து வடங்கள் அறுகின்றன. கம்பிவடத் தொலைக்காட்சி நடத்துவோர் தரும் இணைப்புகளில் வழியிலுள்ள பெட்டிக்கு மின்சாரம் தேவைப்படலாம். அங்கு மின்சாரம் நின்றால், வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தும் பயனில்லை.

காரணம் காணும் முறை

பாதையைத் துண்டுகளாகப் பிரித்து, அறுபடும் துண்டைக் காண்பதே முறை. கணினியில் மூன்று சாளரங்களைத் திறந்து பிங் கட்டளையை ஒரே நேரத்தில் இயக்க வேண்டும்: முதலாவது வீட்டுத் திசைவிக்கு (பெரும்பாலும் 192.168.1.1), இரண்டாவது சேவை வழங்குநரின் முதல் கணுவுக்கு, மூன்றாவது 8.8.8.8 போன்ற பொது முகவரிக்கு. கணுவின் முகவரியை டிரேசர்ட் கட்டளை காட்டும். சில கணுக்கள் பிங்குக்கு விடையளிக்காமலே இருக்கும். அதனைப் பழுதெனக் கொள்ளக் கூடாது.

முதலாவதே தவறினால் பழுது வீட்டுக்குள் உள்ளது. 2.4 கிகாஹெர்ட்சு கம்பியில்லா அலைவரிசையை அண்டை வீட்டுத் திசைவிகளும் நுண்ணலை அடுப்பும் பகிர்கின்றன. கணினியைத் திசைவியுடன் ஈதர்நெட் வடத்தால் இணைத்து ஆடிப் பார்ப்பது மிகச் சிக்கனமான சோதனை. ஏனோ பலர் இதனைக் கடைசியில்தான் செய்கின்றனர்.

முதலாவது சரியாக இருந்து மற்ற இரண்டும் தவறினால் வெளித் தடத்தை ஐயுறலாம். டி.எஸ்.எல். மோடத்தின் நிலைப் பக்கத்தில் குறிகை-இரைச்சல் விளிம்பு 6 டெசிபலுக்குக் குறைந்தால் இணைப்பு நிலைக்காது. ஒளியிழைக் கருவியில் சிவப்பு விளக்கு எரிந்தால் ஒளி வந்து சேரவில்லை என்பது பொருள். சுவர் மூலையில் கூர்மையாக மடக்கப்பட்ட இழையும் இதற்குக் காரணமாகலாம். மோடம் மறுபடி இணையும்போது புதிய இணைய முகவரி கிடைக்கக்கூடும். அவ்வாறாயின், பத்து நொடியில் இணைப்பு மீண்டாலும் வழங்கி பழைய அமர்வைத் தொடராமல் போகலாம்.

வீட்டில் ஒருவர் பெரிய கோப்பைப் பதிவேற்றும்போது மட்டும் பிங் நேரம் பன்மடங்கு உயர்ந்தால், அது திசைவியில் பொதிகள் வரிசையில் தேங்குவதாகும். பதிவேற்ற வேகத்துக்கு வரம்பிட்டால் குறையும்.

மூன்றும் தவறாதிருக்க விளையாட்டு மட்டும் அறுந்தால் வழங்கியையே ஐயுற வேண்டும். 2020 செப்டம்பரில் தடை செய்யப்பட்ட பப்ஜி மொபைல், அக்டோபர் 30 அன்று இந்தியாவில் சேவையை நிறுத்தியது. அந்நாளில் மோடத்தை எத்தனை முறை அணைத்து ஏற்றியிருந்தாலும் பயன் இருந்திராது.

முறையீடு

இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2006-ல் வெளியிட்ட அகலப்பட்டைச் சேவைத்தர விதிமுறை, பொதி இழப்பு 1 விழுக்காட்டுக்குக் குறைவாக இருக்க வேண்டும் என வரையறுத்தது. "அடிக்கடி அறுகிறது" என்னும் முறையீட்டைவிட, நாள், நேரம், இழந்த பொதிகளின் எண்ணிக்கை ஆகியவற்றுடன் கூடிய பதிவு வலிமையானது. வீட்டுத் திசைவி வரை தவறில்லை என்பதையும் அது காட்டும். முறையீட்டு எண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டும். தீர்வு கிடைக்காவிடில் அந்நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் செல்லும்போது அவ்வெண் கேட்கப்படும்.