நுண்கணிதத்தின் அடித்தளம்: சென்னை மரபும் திருப்பதியும்

திருப்பதியிலோ சித்தூரிலோ இளங்கலைக் கணிதம் பயில்வோர் பலர் ‘மெய்யெண் பகுப்பாய்வு’ என்னும் தாளைக் கண்டு தயங்குகின்றனர். வகையிடலையும் தொகையிடலையும் முன்பே கற்றபின், அவற்றை எப்சிலான், டெல்டா கொண்டு மீண்டும் நிறுவுவது எதற்கு? இக்கேள்விக்கு விடை அவர்களுடைய நிலப்பகுதியின் கல்வி வரலாற்றிலேயே இருக்கிறது.

1953 அக்டோபர் 1இல் ஆந்திர மாநிலம் அமையும்வரை சித்தூர் மாவட்டம் சென்னையின் ஆட்சிப்பரப்பில் இருந்தது. 1945இல் திருமலை திருப்பதி தேவஸ்தானம் திருப்பதியில் தொடங்கிய கலைக் கல்லூரியும் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கீழேயே இயங்கியது. எனவே சென்னையின் கணித வரலாறு திருப்பதிக்கும் முன்வரலாறு ஆகும்.

அவ்வரலாற்றின் மையத்தில் இராமானுசன் எழுப்பிய சிக்கல் ஒன்று உண்டு. 1, 2, 3 என முடிவின்றிச் செல்லும் எண்களின் கூட்டுத்தொகை −1/12 என்று 1913இல் அவர் ஹார்டிக்கு எழுதினார். கூட்டுத்தொகை என்பதற்கு நாம் வழக்கமாகக் கொள்ளும் பொருளில் இது பொருந்தாது. வேறொரு வரையறையில் பொருந்தும். ஆக, விடையின் மெய்ம்மை வரையறையைச் சார்ந்து நிற்கிறது. ஐரோப்பாவில் கோஷி 1821இல் வெளியிட்ட பாடநூலும், பின்னர் வையர்ஸ்ட்ராசின் விரிவுரைகளும் இத்தெளிவை நாடியவையே.

இத்தெளிவைச் சென்னை வகுப்பறைக்குக் கொண்டுவந்தவர்களில் முதன்மையானவர் கே. ஆனந்த ராவ். 1914இல் கேம்பிரிட்ஜ் சென்று ஹார்டியின் வழிகாட்டலில் ஆராய்ந்தவர். அங்கே இராமானுசனின் நண்பர். 1919 முதல் மாநிலக் கல்லூரியில் பேராசிரியராக விளங்கினார். அவரது ஆய்வுப்புலம் டாபெரியத் தேற்றங்கள். எடுத்துக்காட்டாக, 1−1+1−1+… என்னும் தொடரின் பகுதிக் கூட்டல்கள் 1, 0, 1, 0 என அலைகின்றன. அதற்கு எல்லை இல்லை. ஆயினும் ஏபெல் முறை அதற்கு 1/2 என்னும் மதிப்பைத் தருகிறது. அவ்வாறு மதிப்புப் பெற்ற ஒரு தொடர், எந்த நிபந்தனையில் உண்மையாகவே குவியும்? டாபர் 1897இல் ஒரு விடை தந்தார். லிட்டில்வுட் 1911இல் அதை வலுப்படுத்தினார். ஆனந்த ராவ் அதனைப் பொதுவான டிரிச்லே தொடர்களுக்கு விரித்தார். விஜயராகவன், எஸ். எஸ். பிள்ளை, மீனாட்சிசுந்தரம், சி. டி. இராஜகோபால் ஆகியோர் அவர்தம் மாணவர்கள்.

இவர்களுள் இராஜகோபால் டாபெரியத் தேற்றங்களில் தேர்ந்தவர். அவரே 1940களில் கேரளக் கணித நூல்களையும் ஆராயத் தொடங்கினார். ஜ்யேஷ்டதேவரின் மலையாள நூலான ‘யுக்திபாஷா’, வட்டத்தின் சுற்றளவுக்கான முடிவிலாத் தொடரை விடையாக மட்டும் தரவில்லை. அது எவ்வாறு பெறப்படுகிறது என்பதைப் படிப்படியாக விளக்குகிறது. எல்லை என்பதன் இன்றைய வரையறை அதில் இல்லை. எனினும், காரணம் கூறாத விடை போதாது என்னும் உணர்வு அதில் உண்டு.

1954இல் திருப்பதியில் ஸ்ரீ வேங்கடேசுவரா பல்கலைக்கழகம் தோன்றியது. ஆட்சி எல்லையும் பல்கலைக்கழகமும் மாறின. அதனால் இம்மரபு ஒரு மாநிலத்துக்கு மட்டும் உரியதாகிவிடாது. எப்சிலானை மனப்பாடம் செய்து தேர்வைக் கடக்கும் மாணவர், இராமானுசனின் விடை எப்போது சரி, எப்போது தவறு என்று சொல்லும் ஆற்றலை இழக்கிறார். பாடத்தைச் சூத்திரத்திலிருந்து தொடங்காமல் அந்தக் கேள்வியிலிருந்து ஆசிரியர்கள் தொடங்குவார்களாயின், வரையறையின் தேவை மாணவருக்குத் தானே விளங்கும்.