வேடிக்கை பார்க்க இடமில்லாத போர்க்களம்

1839 ஆகஸ்ட் 28 அன்று ஸ்காட்லாந்தின் அயர்ஷயர் பகுதியில் உள்ள எக்லின்டன் மாளிகையைச் சுற்றி ஏறத்தாழ 1 லட்சம் பேர் திரண்டிருந்தார்கள். நீராவிக் கப்பலில் வந்தவர்கள் உண்டு, குதிரை வண்டியில் வந்தவர்கள் உண்டு, நடந்தே வந்தவர்களும் உண்டு. உடல் முழுக்க இரும்புக் கவசம் பூண்டு, ஓடும் குதிரையிலிருந்து நீண்ட ஈட்டியால் மோதிக்கொள்ளும் பழைய நைட் வீரர்களின் போட்டியை நேரில் காணும் ஆவல் அவர்களை அங்கே கூட்டி வந்திருந்தது. இரு நூற்றாண்டுகளாகப் பிரிட்டனில் யாரும் கண்டிராத காட்சி அது. ஊர்வலம் கிளம்பும் நேரம் பார்த்து வானம் பொத்துக்கொண்டது. திடல் சேறானது. சீமாட்டிகள் அமர்ந்திருந்த மேடையின் கூரை ஒழுகியது. போட்டியின் அரசராக வேடமேற்றிருந்த லண்டன்டெர்ரி பிரபு குடையை விரிக்க வேண்டியதாயிற்று. மறுநாளுக்கு அடுத்த நாள் மழை விட்டு போட்டி ஓரளவு நடந்தாலும், பத்திரிகைகளின் கேலிச் சித்திரங்களில் நின்றுபோனது அந்தக் குடைதான்.

இதற்கு ஏற்பாடு செய்தவர் ஆர்ச்சிபால்ட் மாண்ட்காமரி என்ற எக்லின்டன் பிரபு. அப்போது அவருக்கு வயது 26. முந்தைய ஆண்டு விக்டோரியா மகாராணியின் முடிசூட்டு விழாவில் செலவைக் குறைப்பதற்காக, கவச வீரர் குதிரையில் வந்து அறைகூவும் பழைய சடங்கையும் பெருவிருந்தையும் அரசு நீக்கியிருந்தது. அந்த ஏமாற்றம் ஒரு பக்கம். 1819இல் வெளிவந்த வால்டர் ஸ்காட்டின் ‘ஐவன்ஹோ’ நாவல் ஒரு தலைமுறைக்கே ஊட்டியிருந்த வீரக் கனவு இன்னொரு பக்கம். முதலில் ஆர்வம் காட்டியவர்கள் நூற்றுக்கும் மேல். லண்டன் பாண்ட் தெருவின் கவச வணிகர் சாமுவேல் ப்ராட் செலவுக் கணக்கைச் சொன்னதும் பலர் நழுவினார்கள். கடைசியில் களமிறங்கியவர்கள் 13 பேர். பிற்காலத்தில் மூன்றாம் நெப்போலியனாக பிரான்சை ஆண்ட இளவரசர் லூயி நெப்போலியனும் அந்த விழாவில் பங்கேற்றார்.

எக்லின்டன் விழா தோற்றதற்கு மழை மேல் பழி போடுவது எளிது. ஆனால் 13 பேர் விளையாட, 1 லட்சம் பேர் சேற்றில் நின்று பார்க்க வேண்டியிருந்த அமைப்பிலேயே கோளாறு இருந்தது. பணமும் குதிரையும் இல்லாதவருக்கு அந்த இடைக்காலத்தில் வேடிக்கை பார்ப்பதைத் தவிர வேறு வேலை இல்லை.

பழங்காலத்தை மீண்டும் நடித்துப் பார்க்கும் ஆசை இடைக்கால மனிதர்களுக்கே இருந்தது. 1223இல் சைப்ரஸ் தீவில், பெய்ரூட்டின் பிரபு ஜான் தன் மக்கள் நைட் பட்டம் ஏற்ற விழாவில், ஆர்தர் மன்னனின் வட்டமேசைக் கதைகளை நடித்துக் காட்டச் செய்தார். ஜெர்மனியின் லாண்ட்ஸ்ஹுட் நகரமோ 1475இல் தன் மண்ணில் நடந்த ஓர் அரச திருமணத்தை 1903 முதல் மீண்டும் நிகழ்த்தி வருகிறது. இப்போது நான்கு ஆண்டுக்கு ஒருமுறை நடக்கும் அந்த விழாவுக்காக ஊர் ஆண்கள் பல மாதம் தலைமுடியை வளர்க்கிறார்கள். ஊரே சேர்ந்து செய்வதில் உள்ள அழகு அதில் உண்டு. வெளியூர்க்காரர் அங்கேயும் பார்வையாளர்தான்.

இந்த வழக்கத்தைப் புரட்டிப் போட்டது ஒரு வீட்டின் கொல்லைப்புறம்.

கலிபோர்னியாவின் பெர்க்லி நகரில், இடைக்கால இலக்கியம் பயின்ற டயானா பாக்ஸன் என்ற மாணவியின் வீட்டில் டேவிட் தியூலிஸ், கென் டி மெய்ஃப் என்ற இரு நண்பர்கள் கேடயமும் வாளும் செய்து சண்டைப் பயிற்சி செய்துகொண்டிருந்தார்கள். அதைப் பார்த்த பாக்ஸனுக்கு, ஒரு போட்டியே நடத்தினால் என்ன என்று தோன்றியது. 1966 மே 1 அன்று நண்பர்கள் கூடினார்கள். ப்ளைவுட் வாள், பஞ்சு சுற்றிய கதாயுதம், தலைக்கு மோட்டார் சைக்கிள் ஹெல்மெட் அல்லது வாள்வீச்சு முகமூடி. கையில் கிடைத்ததெல்லாம் ஆயுதமானது, கவசமானது. மாலையில் எல்லோரும் பாடிக்கொண்டே டெலிகிராஃப் அவென்யூ வழியாக ஊர்வலம் போனார்கள். இருபதாம் நூற்றாண்டுக்கே எதிரான ஆர்ப்பாட்டம் இது என்று சொல்லிக்கொண்டார்கள். போராட்டங்களுக்குப் பேர்போன அன்றைய பெர்க்லியில் அது பொருத்தமான வாசகம்தான்.

அடுத்த கூடுகைக்குப் பூங்கா தேவைப்பட்டது. பூங்காவை முன்பதிவு செய்ய அமைப்புக்கு ஒரு பெயர் வேண்டுமே! எழுத்தாளர் மேரியன் ஜிம்மர் பிராட்லி சூட்டிய ‘சொசைட்டி ஃபார் கிரியேட்டிவ் அனாக்ரோனிசம்’ என்ற பெயர் நிலைத்துவிட்டது. சுருக்கமாக எஸ்.சி.ஏ. 1968இல் பெர்க்லியில் நடந்த உலக அறிவியல் புனைகதை மாநாட்டில் இவர்கள் செய்து காட்டிய சண்டை, வந்திருந்த வாசகர்களோடு வெவ்வேறு ஊர்களுக்குப் பயணமானது. பிராட்லி நியூயார்க்கில் குடியேறியதும் அங்கே ‘கீழை அரசு’ என்ற கிளை முளைத்தது. சிகாகோ பக்கம் ‘நடு அரசு’. இன்று இத்தகைய அரசுகள் இருபது. அரசர் பதவி வாள்போட்டியில் வென்றவருக்குச் சில மாதங்களுக்கு மட்டும்.

நிகழ்ச்சிக்கு யாரும் வரலாம்; ஆனால் 17ஆம் நூற்றாண்டுக்கு முந்தைய உடையை அணிய முயன்றாவது இருக்க வேண்டும். எஸ்.சி.ஏ.வின் விதிகளில் ஆக முக்கியமானது இதுதான். இதன்படி வாசலைத் தாண்டும் யாருமே பார்வையாளர் இல்லை. ‘முயற்சி’ போதும் என்ற தாராளம் புதியவரைக் காப்பாற்றுகிறது. உடை இல்லாதவருக்கு இரவல் கொடுக்கவென்றே ‘கோல்ட் கீ’ எனப்படும் துணிப்பெட்டிகள் உண்டு. எக்லின்டனில் கவச வணிகரின் விலைப்பட்டியல் நின்ற இடத்தில் இங்கே ஒரு இரவல் அங்கி நிற்கிறது. புதியவர் தனக்கு ஓர் இடைக்காலப் பெயரும் கேடயச் சின்னமும் தேர்ந்தெடுக்கலாம். அவை இன்னொருவருடையதைப் போல இல்லையா என்று சரிபார்த்துப் பதிவு செய்யத் தனிக் குழுவே வேலை செய்கிறது.

சண்டை நிஜச் சண்டை. யார் வெல்வது என்று முன்கூட்டியே பேசி வைப்பதில்லை. இரும்பு வாளுக்குப் பதில் தடித்த பிரம்பு. நம் பள்ளிக்கூடங்களில் ஒரு காலத்தில் பலர் முதுகு அறிந்த அதே பிரம்பு இனம், டேப் சுற்றப்பட்டு அங்கே வாளாகிறது. தலையில் எஃகுக் கவசம் கட்டாயம். காலில் அடி விழுந்தால் மண்டியிட்டுப் போரிட வேண்டும்; கையில் விழுந்தால் அந்தக் கையைப் பயன்படுத்தக் கூடாது. பாதுகாப்பைக் கவனிக்க மார்ஷல்கள் இருந்தாலும், விழுந்த அடி கொல்லும் அடியா என்று சொல்ல வேண்டியவர் அடி வாங்கியவர்தான். எதிராளியின் நேர்மையை நம்பி ஆடும் விளையாட்டு அரை நூற்றாண்டைத் தாண்டி நிற்கிறது என்பது சின்ன விஷயமில்லை.

வாளுக்காக வந்து ஊசியில் நிலைத்துப்போனவர்கள் இந்த உலகில் ஏராளம். ஓர் அங்கி வேண்டும் என்று தொடங்கும் தேடல், கிரீன்லாந்தின் ஹெர்யோல்ஃப்ஸ்னெஸ் இடுகாட்டுக்குக் கொண்டுபோய் விடும். 1921இல் டென்மார்க்கைச் சேர்ந்த பவுல் நோர்லுண்ட் அங்கே தோண்டியபோது, உறைந்த மண்ணில் இடைக்கால மக்களின் கம்பளி உடைகள் கிடைத்தன. அரசர்களுடையவை அல்ல, சாதாரணக் குடியானவர் உடுத்தியவை. பக்கவாட்டில் முக்கோணத் துண்டுகள் சேர்த்துக் கீழ்ப்பகுதியை விரிக்கும் அந்த வெட்டை வைத்து இன்றும் பல நாடுகளில் தைக்கிறார்கள். கவசத்துக்கு வழி காட்டியது ஸ்வீடனின் விஸ்பி நகரம். 1361இல் டென்மார்க் படையிடம் அதன் மதிலுக்கு வெளியே மடிந்த கோட்லாந்து விவசாயிகளைக் கவசத்தோடு கூட்டாகப் புதைத்திருந்தார்கள். அந்தக் குழிகளிலிருந்து, துணிக்குள் இரும்புத் தகடுகளைத் தறைந்து செய்த மார்க்கவசங்கள் கிடைத்தன. 20ஆம் நூற்றாண்டில் அவற்றின் அமைப்பு நூலாக வந்தபின், உலகெங்கும் வீட்டுப் பட்டறைகளில் அவை மறுபிறவி எடுத்தன. அதே விஸ்பியில் 1984 முதல் ஆண்டுதோறும் ஆகஸ்டில் இடைக்கால வாரம் நடக்கிறது.

சமையல் பக்கம் ஒதுங்கியவர்களுக்கு, இங்கிலாந்தின் இரண்டாம் ரிச்சர்டின் அரண்மனைச் சமையல்காரர்கள் 1390 வாக்கில் தொகுத்த குறிப்புகள் பாடநூல். பெரும்பாலான குறிப்புகளில் அளவும் இல்லை, நேரமும் இல்லை. சமைத்துப் பார்த்தே கண்டுபிடிக்க வேண்டும். அதில் வரும் மசாலா ஒயினுக்குத் திப்பிலி வேண்டும், ஏலக்காய் வேண்டும், சித்தரத்தை வேண்டும். மேற்கத்திய சமையலறைகளிலிருந்து திப்பிலியும் சித்தரத்தையும் மறைந்து நூற்றாண்டுகள் ஆகிவிட்டதால் இந்த ஆர்வலர்கள் அவற்றுக்காக அலைகிறார்கள். மதுரையிலோ கும்பகோணத்திலோ ஒரு நாட்டு மருந்துக் கடையில் இரண்டு நிமிடத்தில் பொட்டலம் கட்டித் தந்துவிடுவார்கள்.

இத்தனை திறமைகளும் ஒரே இடத்தில் கூடுவது பென்சில்வேனியாவின் கூப்பர்ஸ் லேக் முகாம் திடலில். 1972இல் கீழை அரசுக்கும் நடு அரசுக்கும் மூண்ட ‘பென்சிக் போர்’ இப்போது கோடைதோறும் இரண்டு வாரம் நடக்கிறது. 10,000 பேருக்கும் மேல் கூடாரம் அடிக்கிறார்கள். தோற்றவர் தலையில் பிட்ஸ்பர்க் நகரத்தைக் கட்டுவதாக ஆரம்பத்தில் பந்தயம்! 1997இல் அந்தப் பகுதியே தனி அரசாகிவிட்டது. காலையில் போர், பிறகு நூல் நூற்பதிலிருந்து மணி கோப்பது வரை நூற்றுக்கணக்கான வகுப்புகள். கற்றுத் தருபவர்களும் ஒரு காலத்தில் இரவல் அங்கியில் வந்தவர்களே.

குறை இல்லாமல் இல்லை. இங்கே எல்லோரும் உயர்குடியினர். பண்ணையடிமைக்கும் கொள்ளைநோய்க்கும் இடமில்லை. இடைக்காலம் எப்படி இருந்திருக்க வேண்டுமோ அப்படி வாழ்கிறோம் என்று அவர்களே சொல்வதுண்டு. வரலாற்றைத் தேன் தடவித் தருவது இது என்ற விமர்சனத்தில் நியாயம் இருக்கிறது. அதனால்தான் பிரிட்டனில் 1986இல் தோன்றிய ரீஜியா ஆங்லோரம் போன்ற குழுக்கள் ஆதாரத்தில் கறாராக இருக்கின்றன. கென்ட் பகுதியில் வைச்சர்ஸ்ட் என்ற பழங்காலக் குடியிருப்பையே தங்கள் கையால் கட்டியிருக்கிறார்கள். ஆனாலும் ஆதாரம் தேடும் பசியைப் பலருக்கு முதலில் கிளப்பிவிட்டது அந்தத் தாராளமான வாசல்தான்.

கையால் செய்து கற்பது எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு பிரான்சின் கெடெலோன் சாட்சி. பர்கண்டி காட்டுக்குள் 1997 முதல் 13ஆம் நூற்றாண்டு முறையில் ஒரு கோட்டை எழும்பி வருகிறது. கல் உடைப்பதும் ஓடு சுடுவதும் கோடரியால் உத்தரம் செதுக்குவதும் அங்கேயே நடக்கின்றன. சம்பளத்துக்கு வேலை செய்யும் கைவினைஞர்களோடு, ஆர்வத்தால் சில நாள் வந்து உழைப்பவர்களும் உண்டு. 2019 ஏப்ரலில் பாரிஸ் நோத்ர தாம் பேராலயத்தின் இடைக்கால ஓக் மரக் கூரை எரிந்து விழுந்தபோது, பச்சை மரத்தைக் கோடரியால் சதுரமாகச் செதுக்கத் தெரிந்த தச்சர்கள் தேவைப்பட்டார்கள். கெடெலோனில் கை பழகியவர்கள் பலர் அந்தப் பணியில் சேர்ந்தார்கள். 2024 டிசம்பரில் பேராலயம் மீண்டும் திறக்கப்பட்டது; கெடெலோனில் கட்டுமானம் இன்னும் நடந்துகொண்டிருக்கிறது.