இடம் மாறிய உறை: ஜப்பானியப் பயிற்சி வாளின் வரலாறு

பதினாறாம் நூற்றாண்டில் ஜப்பானிய வீரர்கள் வாள் பழகப் பெரிதும் நம்பியிருந்தது பொக்கென் எனும் மரவாளை. கடினமான மரத்தில் செதுக்கிய அந்த வாள் கையில் பட்டால் எலும்பு முறியும். மண்டையில் பட்டால் உயிரே போகும். ஆகவே அடி மேலே படுவதற்கு முன்பே அதை நிறுத்தியாக வேண்டும். அப்படி நிறுத்திப் பழகியவனுக்குத் தன் வீச்சு உண்மையில் இலக்கைத் தொட்டிருக்குமா என்பது தெரியாமலே போகும்.

இந்தச் சிக்கலுக்கு விடையாக வந்ததே ஃபுகுரோ ஷினாய் எனும் உறை வாள். ஷின்காகே மரபை நிறுவிய கமிஇஸுமி நோபுட்சுனாதான் இதை உருவாக்கினார் என்பது வழிவழிச் செய்தி. இன்றைய குன்மா பகுதியைச் சேர்ந்த அவர், 1560களில் நாரா வட்டாரத்தில் யாக்யூ முனேயோஷியைச் சந்தித்துத் தம் கலையை அவருக்குக் கையளித்தார். உறை வாளும் அந்த மரபோடு சேர்ந்தே பரவியது.

அதன் செய்முறை எளிது, ஆனால் நுட்பமானது. மூங்கிலின் பிடிப்பகுதியைப் பிளக்காமல் விட்டு, நுனியை நோக்கிப் போகப் போக நான்காக, எட்டாக, பதினாறாகப் பிளப்பார்கள். நீளம் ஏறத்தாழ ஒரு மீட்டர். அதன்மேல் தோலுறையை இறுக்கமாகத் தைத்து அரக்கு பூசுவார்கள். அரக்குப் பூச்சில் தோல் சுருங்கித் தேரையின் முதுகுபோலச் சொரசொரப்பாகும். அடி விழும்போது உள்ளிருக்கும் சிம்புகள் ஒன்றன்மேல் ஒன்று நழுவி வளைவதால் விசை சிதறிவிடும்; சிம்பு முறிந்தாலும் உறை அதை வெளியே விடாது. வெறுங்கையில் பட்டால் சுரீரென்று வலிக்கும், விரல் தப்பிவிடும். அந்த வலி இருப்பதுதான் இதன் சிறப்பு என்பேன். பழகுபவன் முழு வீச்சில் அடிக்கலாம். அடி வாங்குபவனோ அதை அலட்சியப்படுத்த முடியாது.

பதினெட்டாம் நூற்றாண்டில் போக்கு மாறியது. 1710களில் ஜிக்கிஷின்காகே மரபின் நாகனுமா குனிசாதோ முகக்கவசத்தையும் கையுறையையும் மேம்படுத்தினார். 1750களில் நகனிஷி சூஸோ இட்டோ மரபுக்குள் கவசத்தோடு மோதும் பயிற்சியைப் புகுத்தினார். மெத்தை வாளை விட்டு உடம்புக்கு ஏறியது. வாள் தோலுறையைக் களைந்து, நான்கு மூங்கில் பட்டைகளைக் கட்டிய இன்றைய ஷினாயின் வடிவத்தை நோக்கி நகர்ந்தது. இதை வெறும் முன்னேற்றமாகக் கொள்வது எனக்கு உடன்பாடில்லை. கவசம் வந்தபின் வாளின் அளவுக்கே கட்டுப்பாடு தளர்ந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஓஇஷி சுசுமு ஐந்து ஷாக்குவுக்கும், அதாவது ஒன்றரை மீட்டருக்கும் மேல் நீண்ட ஷினாயால் எடோவின் (இன்றைய டோக்கியோ) பயிற்சிக்கூடங்களைக் கலங்கடித்தார். இடுப்பில் செருகவே இயலாத நீளம் அது! 1856இல் தொடங்கிய ஷோகுன் அரசின் கோபுஷோ பயிற்சி நிலையம் 3 ஷாக்கு 8 சுன், ஏறத்தாழ 115 செ.மீ., என உச்சவரம்பு விதிக்க வேண்டியதாயிற்று.

இரண்டாம் உலகப்போருக்குப் பின் நேச நாட்டு நிர்வாகம் கெண்டோ எனும் வாள்பயிற்சியைப் பள்ளிகளிலிருந்து விலக்கியபோது, உறை மீண்டும் வாளுக்கே திரும்பியது. 1950இல் அமைந்த ஷினாய் போட்டிக் கூட்டமைப்பு, பிளந்த மூங்கிலை உறையிட்டு, சட்டையும் காற்சட்டையும் அணிந்து, கூச்சலின்றிப் புள்ளிக்கணக்கில் ஆடும் விளையாட்டை வகுத்தது. போர்வாசனை நீங்கிய அந்த வடிவம் 1952இல் பள்ளிகளுக்குள் நுழைந்தது. 1954இல் அக்கூட்டமைப்பு அகில ஜப்பான் கெண்டோ கூட்டமைப்போடு இணைந்ததும், கவசமும் உறையற்ற ஷினாயும் மீண்டும் முன்னிலை பெற்றன. நகோயாவில் நிலைத்த யாக்யூ கிளையினரோ முகக்கவசமோ மார்புக்கவசமோ இன்றி இன்றும் தோலுறை வாளோடுதான் பழகுகிறார்கள்.