1915: கலவரமும் ஒரு பொறுப்பு விலக்குச் சட்டமும்

1915ஆம் ஆண்டுக் கலவரம் பற்றி நமது ஆய்வாளர்கள் நிறையவே எழுதியிருக்கிறார்கள். கம்பளைப் பெரஹரா வழக்கு, கண்டி காசல் ஹில் வீதிப் பள்ளிவாசல், எரிந்த கடைகள், சேர் பொன்னம்பலம் இராமநாதனின் சட்டநிரூபண சபை உரைகள் எல்லாம் நமக்குப் பழக்கமானவை. ஆனால் அதே ஆண்டு ஓகஸ்டில் வந்த ஒரு சட்டத்தைப் பற்றி நம்மிடையே பேச்சே இல்லை. அதைப் பற்றித்தான் இங்கு எழுதுகிறேன்.

மே 28ஆம் திகதி வெசாக் இரவில் கண்டியில் தொடங்கிய கலவரம் சில நாட்களில் ஐந்து மாகாணங்களுக்குப் பரவிற்று. அரச கணக்கின்படி 25 முஸ்லிம்கள் கொல்லப்பட்டனர். 4,000க்கும் மேற்பட்ட கடைகள் சூறையாடப்பட்டன, 80க்கும் மேற்பட்ட பள்ளிவாசல்கள் சேதமாயின. ஜூன் 2ஆம் திகதி தேசாதிபதி சேர் றொபர்ட் சாமர்ஸ் இராணுவச் சட்டத்தைப் பிரகடனம் செய்தார். கலவரம் ஜூன் முதல் வாரத்தோடு பெரும்பாலும் அடங்கிவிட்டது. இராணுவச் சட்டமோ ஓகஸ்ட் 30 வரை நீடித்தது.

அந்த இடைக்காலத்தில்தான் மற்றக் கதை நடந்தது. பஞ்சாப் படையினரோடு, வெள்ளைக்காரத் தோட்டத்துரைமாரும் வணிகர்களும் தொண்டர்படையாகத் துவக்கோடு ஊர்களுக்குள் இறங்கினார்கள். விசாரணையின்றிச் சிலர் சுடப்பட்டனர். சாதாரண நீதிமன்றங்கள் திறந்திருக்கும்போதே இராணுவ நீதிமன்றங்கள் மரண தண்டனை விதித்தன. இளம் வர்த்தகர் ஹென்றி பேதிரிஸ் ஜூலை 7ஆம் திகதி சுட்டுக்கொல்லப்பட்டார். டீ.எஸ். சேனாநாயக்க, டீ.பி. ஜயதிலக்க போன்றோர் சிறையில் அடைக்கப்பட்டனர்.

இராணுவச் சட்டம் நீங்கினால் இவற்றுக்கெல்லாம் யார் பதில் சொல்வது? அந்தக் கேள்வி எழ முதலே விடை தயாராயிற்று. மன்னரின் ஆலோசனைச் சபைக் கட்டளை ஒன்று, கலவரத்தை அடக்குவதற்காக நல்லெண்ணத்துடன் செய்யப்பட்ட செயல்களுக்காக அதிகாரிகள்மீது வழக்குத் தொடுக்க முடியாது என்றது. இராணுவ நீதிமன்றத் தீர்ப்புகளும் செல்லுபடியாக்கப்பட்டன. அடுத்த ஆண்டு புதிய தேசாதிபதி சேர் ஜோன் அண்டர்சன் காலத்தில் சில சுட்டுக்கொலைகள் விசாரிக்கப்பட்டு, அவை நியாயமற்றவை எனக் காணப்பட்டன. ஆனால் நீதிமன்றக் கதவு ஏற்கெனவே மூடியாயிற்று.

இந்த இடத்தில் நாம் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். "வெள்ளைக்காரன் பட்டாளம் வராட்டி எங்கட ஆக்கள் மிஞ்சியிருக்க மாட்டாங்க" என்று எங்கள் மூத்தவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். அதில் உண்மை இருக்கிறது. கடையும் உயிரும் இழந்தவன் பாதுகாப்பைத்தான் தேடுவான். சிங்களவர்களுக்காக வாதாடிய இராமநாதன்மீது நமது சமூகம் கொண்ட மனக்கசப்புக்கும் காரணம் உண்டு. நமது இழப்பை அவர் போதியளவு பேசவில்லை. ஆனாலும், குற்றவாளியைச் சட்டப்படி தண்டிப்பது வேறு, தண்டிக்க வந்தவரைச் சட்டத்துக்கு மேலே வைப்பது வேறு. முதலாவது நமக்குரிய நீதி. இரண்டாவது யாருக்கும் நீதியல்ல.

வெள்ளைக்காரன் போனான், அந்த வழி போகவில்லை. 1977 ஓகஸ்டில் தமிழர்களுக்கு எதிராக நடந்த வன்செயல்களைச் சன்சோனி ஆணைக்குழு விசாரித்து, 1980இல் அதன் அறிக்கை வந்தது. 1982இல் பாராளுமன்றம் 20ஆம் இலக்கப் பொறுப்பு விலக்குச் சட்டத்தை நிறைவேற்றிற்று. 1977 ஓகஸ்ட் மாதத்தில் சட்டம் ஒழுங்கை நிலைநாட்டும் நோக்கில் அமைச்சர்களோ அரச ஊழியர்களோ நல்லெண்ணத்துடன் செய்த செயல், சட்டபூர்வமானதோ அல்லாததோ, அதற்கு வழக்கில்லை. 1988இல் வந்த திருத்தம் அந்த ஒரு மாதத்தை 1988 டிசம்பர் 16 வரை இழுத்தது. 1983 ஜூலையும், தெற்கின் பயங்கர நாட்களில் ஒரு பகுதியும் அதற்குள் அடங்கிப்போயின.

1979ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் 26ஆம் பிரிவிலும் அதே "நல்லெண்ணம்" இருக்கிறது. 2019 ஏப்ரலுக்குப் பிறகு அச்சட்டத்தின்கீழ் பிடிபட்டுப் பல மாதங்கள் உள்ளேயிருந்த நமது பிள்ளைகளின் குடும்பங்களுக்கு அந்தச் சொல்லின் பாரம் தெரியும். தவறாகப் பிடித்தவரிடம் நட்டஈடு கேட்கப் போனால், அவர் நல்லெண்ணத்துடன் செய்யவில்லை என்பதை முதலில் காட்ட வேண்டும். இன்னொருவரின் மனதுக்குள் இருந்ததை ஓர் ஏழை உம்மா எப்படி நிரூபிப்பது?

1915இல் அந்தக் காப்பு சிங்களவர்மீது கைவைத்தவர்களுக்குக் கிடைத்தது. பின்னர் தமிழர்மீதும், தெற்கின் இளைஞர்கள்மீதும் கைவைத்தவர்களுக்குக் கிடைத்தது. எங்கள்மீது கைவைத்தவர்களுக்கும் கிடைத்தது. 1915ஐப் பற்றி இனி எழுதும் நமது இளம் ஆய்வாளர்கள், எரிந்த கடைகளின் கணக்கோடு அந்த ஓகஸ்ட் கட்டளையையும் சேர்த்தே எழுத வேண்டும். நமது இழப்பு அதனால் சிறுத்துவிடாது. நீதி கேட்கும் நமது வாய்க்கு அது வலுவே சேர்க்கும்.